ஒரு வீட்டில் இரண்டு மொழி: மூளை என்ன செய்கிறது?

(சிங்கப்பூரில் தமிழ்ப் பெற்றோரும் மூத்தோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உளவியல் என்றதும் பலருக்கு மனநோயும் மருத்துவமனையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் துறையின் பெரும்பகுதி நம் அன்றாடத்தைப் பற்றியது. காலையில் கண்விழித்தது முதல் இரவு விளக்கை அணைக்கும் வரை நாம் யோசிக்காமல் செய்யும் காரியங்களுக்குப் பின்னால் மூளை என்னென்ன வேலை பார்க்கிறது என்று அது கேட்கிறது. அப்படி ஒரு காரியத்தை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது பேச்சு. சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் நாள் முழுக்க இரண்டு மொழிகளில், சிலர் மூன்று நான்கு மொழிகளில், பேசிக்கொண்டிருக்கும் பேச்சு.

இதைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. “வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் பிள்ளை குழம்பிப்போகாதா?” என்பது முதலாவது. அது அச்சத்தில் பிறப்பது. “இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகுமாமே, உண்மையா?” என்பது இரண்டாவது. அது ஆசையில் பிறப்பது. இரண்டுக்கும் இன்று பதில் சொல்வேன். அதோடு யாரும் அதிகம் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றையும் முன்வைப்பேன். வீட்டிலுள்ள பாட்டிக்கு நினைவு தடுமாறத் தொடங்கினால், அவர் மொழியில் அவரோடு பேச அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்ற விவாதத்துக்கு உண்மையான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

முதலில் தேக்காவுக்குப் போவோம். சனிக்கிழமை காலையில் தேக்கா மார்க்கெட்டின் மீன் பகுதியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தமிழ் அக்கா ஒருவர் வந்தால் கடைக்காரர், “வஞ்சிரம் நல்லா இருக்குக்கா, குழம்புக்கா, வறுக்கவா?” என்கிறார். பக்கத்தில் மலாய் அம்மா ஒருவர் நின்றால் அதே மீன் அடுத்த நொடியில் “தெங்கிரி, மக்சிக், செகார்” என்று மாறுகிறது. இளம் தம்பதி ஒன்று கையில் தொலைபேசியோடு தயங்கி நின்றால் அதுவே “பாத்தாங்” மீனாகி, விலை ஆங்கிலத்தில் வருகிறது. இதற்கிடையே தராசில் எடை பார்க்கிறார், செதில் சீவுகிறார், மீதிச் சில்லறையை மனத்துக்குள் தமிழில் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். அவரிடம் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார். மூளை ஆராய்ச்சியாளர்களுக்கோ அந்த அரை நிமிடத்தை விளக்கவே முப்பது நாற்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

ஒரு மொழியைப் பேசும்போது மற்றொரு மொழி தூங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். அது தவறு என்று காட்டியது 1999ல் வந்த ஓர் எளிய சோதனை. மைக்கேல் ஸ்பைவி, வயோரிகா மரியன் என்ற இரு ஆய்வாளர்கள் ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் முன்னால் சில பொருள்களை வைத்தார்கள். ஆங்கிலத்தில் “மார்க்கர் பேனாவை எடுங்கள்” என்று சொன்னார்கள். எடுத்தது மார்க்கரைத்தான். ஆனால் கண் ஒரு கணம் அங்கிருந்த தபால்தலைக்குப் போய் வந்தது. ரஷ்ய மொழியில் தபால்தலைக்கு ‘மார்க்கா’ என்று பெயர். ரஷ்யம் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருந்தும் அது விழித்திருந்து காதில் விழுந்த ஒலியை அளந்துகொண்டிருந்தது. நம் பிள்ளைகளிடமும் இதே சோதனையைச் செய்யலாம். ஆங்கிலத்தில் ‘மனி’யை எடு என்று சொல்லும்போது மேசையில் பணத்தோடு கோயில் மணி ஒன்றும் இருந்தால், அவர்கள் கண் மணியின் பக்கம் ஒரு கணம் சாயும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆக, இரு மொழியாளரின் மூளையில் இரண்டு மொழியும் எப்போதும் விழித்தே இருக்கின்றன. வேண்டிய மொழி வாய்க்கு வருவதற்காக வேண்டாத மொழியை மூளை கணந்தோறும் அடக்கிவைக்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையும், அதன் நடுப்பகுதியிலுள்ள சிங்குலேட் மேடும், அடியாழத்திலுள்ள காடேட் என்ற பகுதியும் இதில் பங்கேற்கின்றன. கவனத்தைத் திருப்பவும் அவசரத்தை அடக்கவும் நாம் நாள்தோறும் பயன்படுத்துகிற பகுதிகளும் இவையேதான்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மியூட்டர், ஆல்போர்ட் என்ற இருவர் 1999ல் இருமொழியாளர்களை எண்களை மாறி மாறி இரு மொழிகளில் சொல்லச் சொன்னார்கள். நன்றாகத் தெரிந்த மொழியிலிருந்து குறைவாகத் தெரிந்த மொழிக்குத் தாவுவதுதான் கடினம் என்று நாம் எண்ணுவோம். நடந்தது நேர்மாறு. நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகமாக இருந்தது. வலுவான மொழியை அடக்க மூளை கூடுதல் விசை செலுத்துகிறது, அந்த விசையை விலக்கவும் நேரம் பிடிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஊரில் வளர்ந்து இங்கே அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசிவிட்டு, மாலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி அம்மாவைத் தொலைபேசியில் அழைக்கிறவருக்கு முதல் சில வாக்கியங்களில் தமிழ் தட்டுத்தடுமாறி வருவதுண்டு. அவருக்குத் தமிழ் மறந்துவிட்டதென்று அம்மா வருந்த வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் அடங்கியிருந்த மொழி எழுந்து வர அந்தச் சில நொடி தேவைப்படுகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை குழம்புமா?

குழந்தைகள் நாம் நினைப்பதைவிட வெகு முன்னதாகவே மொழிகளைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கனடாவின் வான்கூவரில் 2010ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கருவுற்றிருந்தபோது ஆங்கிலமும் பிலிப்பினோ மக்களின் தகாலோக் மொழியும் பேசிய தாய்மார்களின் பச்சிளங் குழந்தைகளைச் சோதித்தார்கள். பிறந்த சில நாளிலேயே அந்தக் குழந்தைகள் இரண்டு மொழியையும் விரும்பிக் கேட்டன. இரண்டையும் வேறு வேறு என்று பிரித்தறியவும் செய்தன. மான்ட்ரியாலில் ஃப்ரெட் ஜெனசி என்ற ஆய்வாளர், இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள்கூட அம்மாவிடம் அம்மாவின் மொழியையும் அப்பாவிடம் அப்பாவின் மொழியையும் கூடுதலாகப் பயன்படுத்துவதைப் பதிவு செய்தார். “பாட்டி, ஐ வான்ட் தண்ணி” என்று ஒரு பிள்ளை சொல்வது குழப்பத்தின் அடையாளம் என்று பதற வேண்டாம். கைவசமுள்ள எல்லாச் சொற்களையும் கொண்டு காரியம் சாதிக்கிற சாமர்த்தியம் அது. வளர வளர அது தானே ஒழுங்குபடும்.

இரு மொழிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மொழியிலும் சொல்வளம் தொடக்கத்தில் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒரு மொழிப் பிள்ளைகளுக்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். எனவே பிள்ளை பேசத் தாமதமானால், யாரோ சொன்னார்கள் என்று தமிழை நிறுத்திவிடாதீர்கள். காது கேட்கிறதா என்று பாருங்கள், பேச்சு சிகிச்சையாளரைப் பாருங்கள். மொழியைக் குறைப்பது பேச்சுத் தாமதத்துக்கு மருந்தில்லை.

ஆனால் காலக்கெடு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல 1984ல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வுக்குப் போகவேண்டும். நுனிநாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ‘த’வும், நாவை மடித்துச் சொல்லும் ‘ட’வும் ஆங்கிலம் மட்டும் பேசுவோர் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இந்தி ஒலிகளை வைத்து அவர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாத வயதில் அந்தத் திறன் ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது நிலைத்திருந்தது. காதில் விழாத ஒலி வேறுபாட்டை மூளை கைவிடுகிறது. ‘பத்து’க்கும் ‘பட்டு’க்கும் உள்ள வேறுபாடு, ‘ல’கர ‘ள’கர ‘ழ’கரங்களின் வேறுபாடு ஆகியவற்றின் அடித்தளம் தொடக்கநிலை ஒன்றில் தமிழாசிரியர் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, தொட்டில் பருவத்திலேயே போடப்படுகிறது. பிறகு கற்க முடியாதென்று சொல்லவில்லை. பிறகு கற்பதற்கு உழைப்பு வேண்டும். முதல் ஆண்டில் கேட்டாலே போதும்.

யாரிடமிருந்து கேட்க வேண்டும்? 2003ல் பட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளர் சியாட்டில் நகரத்தில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார். சில குழந்தைகளோடு சீனம் பேசும் பெரியவர்கள் தரையில் அமர்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்களின் அதே பேச்சைக் காணொளியில் காட்டினார்கள், இன்னும் சிலருக்கு ஒலிப்பதிவாகப் போட்டார்கள். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பின் நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். காணொளியிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவர்கள் எதையும் கற்கவில்லை. தமிழ்ப் பாட்டுக் காணொளியைக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டுக் குழந்தை முன்னால் வைத்துவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று நம்புகிற வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த வயதில் முகமும் மடியும் பதில் குரலும் உள்ள மனிதரிடமிருந்துதான் மொழி ஒட்டுகிறது. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. மூளை கூர்மையாகுமா?

லிட்டில் இந்தியா ஓரத்தில், புக்கிட் தீமா சாலையில் நிற்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். அங்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009 முதல் கருவுற்ற தாய்மார்களைச் சேர்த்து ‘கஸ்டோ’ என்ற நெடுங்கால ஆய்வு தொடங்கியது. பிறந்த பிள்ளைகளை அது ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வருகிறது. அந்தப் பிள்ளைகளில் ஆறு மாத வயதுடைய 114 பேரை வைத்து, தேசியப் பல்கலைக்கழகத்தின் லெஹர் சிங்கும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். கரடி அல்லது ஓநாய்ப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இரு மொழி கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அது விரைவில் சலித்துவிட்டது, புதுப் படம் வந்ததும் கூடுதல் ஆர்வத்தோடு பார்த்தார்கள். புதியதை விரைவாக உள்வாங்குவதன் அறிகுறி அது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஆறாம் மாதத்தில் கரடிப் படம் பார்த்த வேகத்தை வைத்துப் பதினாறாம் வயதின் அறிவைக் கணிக்க முடியாது.

வளர்ந்தவர்களிடம் இருமொழி கவனத்தையும் திட்டமிடலையும் பொதுவாக மேம்படுத்துகிறதா என்பதில் கடும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2020ல் எமிலி நிக்கோல்ஸ், ஏட்ரியன் ஓவன் குழுவினர் 11,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, அப்படிப் பொதுவான மேன்மை எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். முன்பு வந்த சிறிய ஆய்வுகளில் சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறின, பாதகமானவை அலமாரியில் தங்கிவிட்டன என்பதும் தெரியவந்தது. ஆகவே தமிழ் படித்தால் கணிதத்தில் மதிப்பெண் ஏறும் என்று உங்கள் பிள்ளைக்கு யாராவது வாக்குறுதி தந்தால் அதை நம்பாதீர்கள். நாமும் அந்த வாக்குறுதியை விற்கக்கூடாது. மதிப்பெண்ணுக்காகப் பிடித்துக்கொண்ட மொழியை, மதிப்பெண் வராதபோது பிள்ளை விட்டுவிடும்.

முதுமையில் நிலைமை வேறு. கனடாவில் எலன் பியாலிஸ்டாக் என்ற ஆய்வாளர் 2007ல் டொராண்டோ நினைவு மருத்துவகம் ஒன்றின் 184 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தார். வாழ்நாள் முழுக்க இரு மொழி பேசியவர்களுக்கு முதுமை மறதி நோயின் அறிகுறிகள் சுமார் 4 ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தன. இதற்கு நியாயமான மறுப்பு எழுந்தது. டொராண்டோவில் இருமொழியாளர் பெரும்பாலும் குடியேறிகள். துணிந்து நாடுவிட்டு வருகிறவர்கள் இயல்பிலேயே உடலும் மனமும் உறுதியானவர்களாக இருக்கலாமே?

விடை ஹைதராபாத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் தெலுங்கும் தக்கினியும் இந்தியும் பேசுவதற்கு எங்கும் குடிபெயர வேண்டியதில்லை, தெருவில் இறங்கினால் போதும். நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தம் குழுவினரோடு 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார். இருமொழியாளர்களுக்கு நோய் 4.5 ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது என்பதுதான் அந்த ஆய்வின் மிகப் பெரிய பங்களிப்பு. பள்ளிக்கூடமே காணாத ஒருவர், சந்தையிலும் அண்டை வீட்டிலும் இரண்டு மொழி பேசி வாழ்ந்ததன் பயனைப் பெற்றிருக்கிறார். மூன்றாவது நான்காவது மொழியால் கூடுதல் பயன் எதுவும் தென்படவில்லை. 2016ல் அதே குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்தபோது, சிந்தனைத் திறன் சேதமின்றித் தப்பியவர்களின் பங்கு இருமொழியாளரிடம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

ஏன் இப்படி? மூளைச் சேதம் வராமல் மொழி தடுக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சேதத்தைச் சமாளிக்கும் கையிருப்பு கூடுகிறது என்கிறார்கள். சிராங்கூன் சாலை வாகனங்களால் அடைத்துக்கொண்டால், டன்லப் தெருவும் பக்கத்துச் சந்துகளும் தெரிந்தவர் உள்ளே புகுந்து வெளியேறிவிடுவார். பெருஞ்சாலையை மட்டும் அறிந்தவர் நின்றுவிடுவார். படிப்பும் வேலையும் இசையும் உறவாடலும் இப்படிச் சந்துகளைத் திறக்கின்றன. இரு மொழி வாழ்க்கையும் அவற்றுள் ஒன்று. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நலமாக இருப்பவர்களை முன்கூட்டியே சேர்த்துப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் இந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. எனவே இது உறுதியளிக்கப்பட்ட காப்பு இல்லை. நம்பிக்கை தரும் சான்று, அவ்வளவே. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைப்பது, நடப்பது, காது கேட்காவிட்டால் கருவி பொருத்திக்கொள்வது ஆகியவற்றுக்கு மாற்றாக மொழியை யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி மூன்றாவது கேள்வி.

மொழி மூளையில் தனியாகத் தங்குவதில்லை. உணர்ச்சியோடும் நினைவோடும் பின்னியே தங்குகிறது. 2003ல் துருக்கியமும் ஆங்கிலமும் பேசுவோரிடம் ஒரு சோதனை நடந்தது. தோலில் ஊறும் நுண்ணிய வியர்வையை அளக்கும் கருவியைப் பொருத்தி, சிறுவயதில் பெற்றோர் அதட்டும் சொற்களை இரு மொழியிலும் கேட்கச் செய்தார்கள். ஆங்கில அதட்டலைவிடத் தாய்மொழி அதட்டலுக்கு உடல் கூடுதலாகத் துணுக்குற்றது. வளர்ந்த மனிதர்கள், ஆய்வுக்கூடத்தில் இருக்கிறோம் என்று அறிந்தவர்கள், ஆனாலும் அந்தச் சொல்லுக்கு உடல் எழுந்து நின்றது. நம்மில் எவரையும் ஐம்பது வயதிலும் அம்மாவின் ஒரு “சனியனே” உலுக்கிவிடும். ஆறுதலும் அப்படித்தான் வேலை செய்கிறது. “ஒன்றுமில்லைப்பா, சரியாகிவிடும்” என்பது காதுக்குள் போவதற்கு முன் உடம்புக்குள் போய்விடுகிறது.

நினைவும் மொழி சார்ந்தே வருகிறது. வயோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் குடியேறிய ரஷ்ய மொழியாளர்களிடம் சில சொற்களைச் சொல்லி, அவை தூண்டும் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழிக் காலத்து நினைவுகள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது அமெரிக்க வாழ்க்கை அதிகம் வந்தது. இதை நம் வீட்டுக்குப் பொருத்துங்கள். கம்பத்து வீடு, தோட்டத்து வாழ்க்கை, சிராங்கூன் சாலையில் தீமிதி ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடிய சிறுவயது, துறைமுகத்தில் அப்பாவுக்குக் கிடைத்த முதல் சம்பளம், இவையெல்லாம் ஒரு பெரியவரின் மூளையில் தமிழில் பதிந்தவை. பேரன் ஆங்கிலத்தில் கேட்டால் தாத்தா ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார். தமிழில் கேட்டால் கதை வரும்.

இப்போது அந்தப் பெரியவருக்கு மறதி நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிதான நிலைமை இல்லை. மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி, 2013ல் சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10ல் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. 2023ல் அது 8.8 விழுக்காடாக, அதாவது சுமார் 11ல் ஒருவராகக் குறைந்தது. விகிதம் குறைந்தாலும் முதியோர் தொகை கூடுவதால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

1881லேயே பிரெஞ்சு உளவியலாளர் தியோடூல் ரிபோ, நினைவு சிதையும்போது புதியவை முதலில் போகின்றன, பழையவை கடைசிவரை தங்குகின்றன என்று எழுதினார். அல்சைமர் நோய் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியையும் அதன் வாயிலையும் முதலில் தாக்குகிறது என்பதால் இது இன்றும் பெரும்பாலும் பொருந்துகிறது. நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்காது, ஏழு வயதில் பாடிய பாட்டு நினைவிருக்கும். மொழியிலும் இந்தச் சாய்வு காணப்படுகிறது. பிற்காலத்தில் கற்று வேலைக்குப் பயன்படுத்திய ஆங்கிலம் தளர்ந்து, முதல் மொழி முன்னால் வரும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்காது. ஆனால் முதியோரைப் பராமரிப்போர் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டு அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசிய ஒரு தாய், இப்போது தமிழில் மட்டும் கேட்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். உடனிருக்கும் இல்லப் பணிப்பெண் மியன்மாரிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர். பள்ளிவிட்டு வந்த பேத்திக்குப் பாட்டி சொல்வதில் பாதி புரியவில்லை. “நெஞ்சு கரிக்குது” என்கிறார் பாட்டி. “ஒரு மாதிரியா வருது” என்கிறார். அது பசியா, வலியா, பயமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் குரலை உயர்த்துகிறார், எதையாவது தள்ளிவிடுகிறார். ‘ஆத்திரப்படுகிறார்’ என்று குறிப்பில் எழுதப்படுகிறது. அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. நினைவுத்திறன் சோதனைகளில் சொற்களை நினைவில் வைக்கச் சொல்வார்கள், வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். வலுவில்லாத மொழியில் அதைச் செய்யச் சொன்னால், குறைவது நினைவா மொழியா என்று பிரித்தறிவது கடினம். பெற்றோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, எந்த மொழியில் அவர் சிந்திக்கிறார் என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மொழியில் சோதிக்க ஏற்பாடு கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

இந்தப் பின்னணியில் நம் நாட்டுப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020ல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3லிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. பள்ளியில் தமிழ் இருக்கிறது. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயம். அதிகாரத்துவ மொழி என்ற தகுதி, நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா, இத்தனையும் நமக்கு இருக்கின்றன. உலகில் தமிழர் குடியேறிய நாடுகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. குறைவது வீட்டுக்குள்தான். வீட்டுக்குள் குறைவதைப் பள்ளியால் ஈடுகட்ட முடியாது. பள்ளி கட்டுரை எழுதக் கற்றுத்தரும். பாட்டியின் ‘ஒரு மாதிரி’ எந்த மாதிரி என்பதைக் கூடவே வாழ்ந்தவர்தான் கற்றுக்கொள்ள முடியும்.

என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் தமிழிலேயே பேசுங்கள். குளிப்பாட்டும்போது, சோறூட்டும்போது, துணி மாற்றும்போது பேசுங்கள். இலக்கணத் தமிழ் வேண்டாம், உங்கள் வாய்த்தமிழ் போதும். குழந்தைக்கு வேண்டியது உங்கள் முகமும் நீங்கள் தரும் பதிலும்.

பள்ளிப் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படும் வேலை ஒன்றைக் கொடுங்கள். தேக்காவில் காய்கறி வாங்கும் பொறுப்பைக் கொடுத்து, கடைக்காரரிடம் அவனே பேசட்டும் என்று ஓரடி தள்ளி நில்லுங்கள். தவறு செய்தால் சிரிக்காதீர்கள், திருத்தவும் அவசரப்படாதீர்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை அந்த மொழியை அடக்கிக்கொள்ளும். அடங்கிய மொழி எழ நேரமாகும் என்று முன்பே பார்த்தோம்.

பெரியவர்கள் நலமாக இருக்கும்போதே அவர்கள் கதைகளைத் தமிழில் கேட்டு ஒலிப்பதிவு செய்து வையுங்கள். அவர்கள் வலிக்கும் பசிக்கும் பயத்துக்கும் என்னென்ன சொல் பயன்படுத்துகிறார்கள், எந்தப் பாட்டுக்கு அமைதியடைகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதன் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். பணிப்பெண்ணுக்கு “எங்கே வலிக்குது?”, “தண்ணி வேணுமா?”, “பயப்படாதீங்க” என்று பத்து வாக்கியமாவது கற்றுக்கொடுங்கள். பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தத் தாளும் கூடவே போகட்டும்.

நான்காவது, இளையர்களுக்கு. உங்களில் பலருக்குத் தமிழ் புரியும், பேசக் கூச்சம். குடியிருப்புப் பேட்டைகளில் துடிப்புடன் மூப்படையும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே வந்து பேச்சுத்துணை இன்றி அமர்ந்திருக்கும் தமிழ் முதியவர் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் பேசுங்கள். உங்கள் உச்சரிப்பை அவர் மதிப்பிடமாட்டார். அவர் தம் மொழியில் ஒரு மணி நேரம் வாழ்வார், உங்களுக்கு மொழி திரும்பும்.

அன்பர்களே, மூளைக்கு நல்லது என்பதற்காக மட்டும் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நன்மை எவ்வளவு என்று அறிவியல் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறது. விவாதத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு. நம் பெற்றோரின் அச்சமும் ஆறுதலும் நினைவும் தமிழில் பதிந்திருக்கின்றன, அவர்கள் மிகவும் தளர்ந்துபோகும் நாளில் அந்த மொழியைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அந்த ஆளை உருவாக்கப் பத்து இருபது ஆண்டு ஆகும். இன்று உங்கள் வீட்டில் நான்கு வயதில் ஓடியாடும் பிள்ளைதான் அந்த ஆள். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்தப் பிள்ளையோடு தமிழில் பேசத் தொடங்குங்கள்.